பெயருக்கு விட்ட இடம்

கொடிகாமத்தில் அச்சகம் நடத்தும் என் நண்பன் அந்தியேட்டி மலர் அடிப்பதில் விண்ணன். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு இருக்கும். அவனிடம் எல்லாருக்கும் ஒரே வரலாறுதான்: ‘பொய் சொல்லாதவர், பிறர் மனம் நோகப் பேசாதவர்.’ பெயரை மட்டும் மாற்றுவான். எழுத்துப்பிழை பார்ப்பது நான்.

ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, எங்கோ படித்த எகிப்துக் கதையை அவனிடம் அவிழ்த்துவிட்டேன். அங்கே செத்தவனோடு ஒரு சுருளையும் வைப்பார்களாம், ஒசிரிஸ் கடவுளின் சபையில் ‘களவெடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை’ என்று ஒப்புவிப்பதற்கு. நரித்தலை அனுபிஸ் அவனுடைய இருதயத்தை ஓர் இறகோடு தராசில் வைத்து நிறுப்பார். இருதயம் கனத்தால் முதலைத்தலை அம்மிட் விழுங்கிவிடும்.

“அந்தச் சுருளையும் முதலே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு விக்கிறவையாம்” என்றேன்.

“அப்ப அவை எங்கடை ஆக்கள்தான்ரா!” என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

போன மாதம் எனக்கு நெஞ்சு நொந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டியதும், நிறுவை தொடங்கிவிட்டது என்றே முடிவெடுத்தேன்.

“தங்கச்சி, நான் களவெடுக்கேல்லை” என்றேன் தாதியிடம்.

“ஐயா, கதையாமல் படுங்கோ.”

இரண்டு நாள் அனுபிஸைக் காத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள், வெறும் வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நண்பன் ஒருதரம்கூட வந்து பார்க்கவில்லை. வேலை கூடவாக்கும் என்று மனைவியிடம் அவனுக்காக வாதாடினேன்.

என் வாயுப் புராணத்தைச் சொல்லிச் சிரிக்கலாமென்று அச்சகத்துக்குப் போனேன். அவன் உள்ளே காகிதம் வெட்டிக்கொண்டிருந்தான். கணினித் திரையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், பூமாலைக்குள். பிறந்த திகதி இருந்தது. மற்றத் திகதிக்கு இடம் விட்டிருந்தது. பொய் சொல்லாதவராம். ஆறு பிள்ளைகளின் அன்புத் தந்தையாம். எனக்கு இரண்டு பெண்கள்தான். எனக்கு முன்னம் செத்தவரின் பிள்ளைகளைக்கூட அவன் அதிலிருந்து அகற்றவில்லை.

படம் நாங்கள் இருவரும் தோளில் கைபோட்டு நின்று எடுத்தது. தன்னை வெட்டி எடுத்துவிட்டான். அவனுடைய நாலு விரல் மட்டும் என் தோளில் கிடந்தது.

நான் கதிரையை இழுத்த சத்தம் கேட்டு அவன் வெளியே வந்தான்.

“நான் செத்துப்போவன் எண்டு முடிவெடுத்திட்டியோ?”

“இல்லையடாப்பா, ஒரு முன்னேற்பாடு. கடைசி நேரத்திலை உன்ரை மனுசி அவசரப்படுத்தினால் என்ன செய்யிறது? எகிப்திலையும் அப்பிடித்தானெண்டு நீதானே சொன்னனீ.”

“ஆஸ்பத்திரிக்கு வர நேரமில்லை, இதுக்கு நேரம் இருந்ததோ? விரலை ஏன் விட்டனீ?”

“அதை அழிக்கத்தான் நேரம் கிடைக்கேல்லை.”

முப்பது வருடச் சிநேகிதம். என் நெஞ்சு நொந்தது இப்போதுதான், இது வாயுவில்லை.

பழக்கதோஷம், கதிரையில் அமர்ந்து பிழை திருத்தினேன். ஆறை இரண்டாக்கினேன். ‘பிறர் மனம் நோகப் பேசாதவர்’ என்ற வரியை முழுதாக அழித்தேன். பிறகு அவன் பக்கம் திரும்பி, பேசத் தொடங்கினேன்.