காக்காய்க்கால் போட்ட முளை

என் அப்பாவுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. பட்டாளம். அவர் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. பட்டாளத்தைப் பார்த்தேன் என்று சொன்னவர். அதற்காக வைத்த பெயர்.

இரண்டாவது பெரிய யுத்தம் நடந்தபோது அப்பாவுக்கு எட்டு வயது. அப்போது எங்கள் ஏழாம் நம்பர் மலையில் பட்டாளத்துக்காரர்கள் கூடாரம் போட்டு இருந்தார்களாம். தாடியும் தலைப்பாகையுமாக இருப்பார்களாம். அவர்களிடம் நிறைய மிருகங்கள் இருந்தனவாம். குதிரையும் இல்லை, கழுதையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மானாப்புல் அறுத்துப் போட்டால் ஒரு ரொட்டி தருவார்களாம். இவ்வளவுதான் அப்பா சொன்னது. சாகும்வரை இதில் ஒன்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அந்தக் காலத்து ஆள்களில் பாதிப் பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் செத்துப்போனார்கள். அப்பாவுக்குச் சாட்சி இல்லாமல் போனது.

லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் அந்த மிருகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டப்பெயர் வைத்தவர் தொங்கல் வீட்டு மாமா. எங்கள் லயத்தின் கடைசி வீடு அவருடையது. சொந்த மாமா இல்லை, முறைக்கு மாமா. அப்பாவைவிட நாலு வயது சின்னவர். அவர் குடும்பம் யுத்தம் முடிந்த பிறகுதான் வட்டவளைப் பக்கமிருந்து இங்கே வந்தது.

"குதிரையும் இல்ல, கழுதையும் இல்லன்னா அது என்னாய்யா? ஒன்னய மாதிரி ஒண்ணா?" என்பார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கத்தியைத் தீட்டப் போவார்.

அப்பா செத்த அன்று பாடை எடுக்கும்போது யாரோ சொன்னார்கள்: "பட்டாளம் மார்ச் பண்ணிருச்சுப்பா." இரண்டு மூன்று பேர் சிரித்தது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. நான் அழவில்லை. அப்பா சொன்னது நிசம் என்று காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நான் அஞ்சாம் வகுப்புவரை படித்தவள். முப்பத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தேன், புல் வெட்டினேன். ஏழாம் நம்பரில் புல் வெட்டும் நாள்களில் கண் மண்ணிலேயே இருக்கும். கிரீடம் போட்ட பித்தளைப் பொத்தான் ஒன்று கிடைத்தது. அடுத்த வருசம் இன்னொன்று. ஒரு பெல்ட் பூட்டு. சப்பாத்தின் அடியில் அடிக்கிற குண்டாணிகள் ஒன்பது. எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன்.

வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஒருநாள் கேட்டார், "என்னாம்மா தேடுற? புதையலா?"

"ஆமாங்க," என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

வேலையை விட்டபிறகு டின்னை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். அங்கே மணிக்கூடு திருத்துகிற முஸ்லிம் நானா ஒருவர் பழைய பட்டாளத்துச் சாமான் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடையின் பின்னறையில் பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் நாலைந்து பேர் கூடுவார்கள். தொப்பி, பதக்கம், தண்ணீர்ப் போத்தல் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து மேசையில் வைத்துக் கதை சொல்வார்கள். விற்கிற வாங்குகிற பேச்சு அங்கே இல்லை. தோட்டா, குண்டு எதையாவது மண்ணில் கண்டால் தொடக்கூடாது, பொலிசுக்குச் சொல்ல வேண்டும். சாமானை வைப்பவர் அது கிடைத்த இடத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் நடைமுறை இதுதான்.

நானா ஒரு கொப்பி வைத்திருந்தார். பொருள், கிடைத்த இடம், சொன்னவர் என்று மூன்று கட்டம். எதை எழுதுவது, எதை விடுவது என்று சொல்பவர் ஒரு சிங்கள ஐயா. ஆமியில் சார்ஜனாக இருந்து பென்சன் வாங்கியவர். அவரை எல்லாரும் சிங்களத்தில் சார்ஜன் மாத்தயா என்பார்கள், சார்ஜன் ஐயா என்று. தமிழ் பேசுவார், கொஞ்சம் உடைத்துப் பேசுவார்.

முதல் நாள் டின்னைத் திறந்து வைத்தேன். அப்பா சொன்னதையும் சொன்னேன். மிருகத்தைச் சொன்னபோது ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

சார்ஜன் மாத்தயா சிரிக்கவில்லை. பொத்தானைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"அக்கே, அந்தக் காலத்துத் துரைமார் நிறைய பேர் பட்டாளத்துல இருந்தவங்க. இது துரை கோட்டுப் பொத்தானா இருக்கலாம்."

"துரை புல்லுமலைக்குள்ள வந்து கோட்டைக் கழட்டுவாருங்களா?"

நானா சிரித்துவிட்டார். "தங்கச்சி கேக்கிறது சரிதானே, மாத்தயா?"

"சரி. ஆனா ரெண்டு பொத்தான், ஒம்பது ஆணி எண்டா ஒரு ஆள். கேம்ப் எண்டா ஒரே சாமான் பத்து வேணும். கொண்டு வாங்க, எழுதுறேன்."

கொப்பியை மூடிவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அதுவரைக்கும் எத்தனை வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. இப்போது கணக்குத் தெரிந்தது. பத்து.

ஏழாம் நம்பரை இப்போது தோட்டம் கைவிட்டுவிட்டது. தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாகிவிட்டது. சிறுத்தைப்புலி நடமாட்டம் இருக்கிறது, அட்டைக்குப் பஞ்சமில்லை. வாரத்தில் மூன்று நாள் போனேன். அட்டை ஏறாமல் காலுக்குச் சவுக்காரம் பூசிக்கொள்வேன், கையில் மண் கொத்துகிற இரும்பு முள்ளு ஒன்று. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் கேட்பாள், "என்னாடி, பட்டாளம் கெடச்சிச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"கெடச்சா ஒரு மாப்பிள்ளையப் பாரு எனக்கு."

ஒரு பெருமழைக்குப் பிறகு தண்ணீர் ஓடுகிற கானின் ஓரம் இடிந்து விழுந்திருந்தது. மண்ணுக்குள் ஓர் இரும்பு. முழங்கை நீளம், ஒரு முனை கூர், மறுமுனையில் ஒரு வளையம். உரச்சாக்கில் சுற்றி, அடுத்த போயாவுக்கு நோர்வூட்டில் பஸ் ஏறினேன்.

"என்னாக்கா, வேல் எடுத்துட்டுப் போறீங்க? திருவிழாவா?" என்றான் கண்டக்டர்.

"ஆமா. டிக்கட்டக் குடு."

சார்ஜன் மாத்தயா அதை வாங்கித் துருவைத் துடைத்தார். எண்ணெய் போட்டார். மறுபடி துடைத்தார். வளையத்துக்குக் கீழே மூன்று கோடு தெரிந்தது, காக்காய்க்கால் பதிந்தமாதிரி.

"இது மிலிட்டரி அடையாளம்," என்றார். "மியூல் கட்டுற மொளை."

"மியூல்னா என்னாங்க?"

நானாதான் சொன்னார். "கோவேறு கழுதை தங்கச்சி. குதிரைக்கும் கழுதைக்கும் பொறந்தது. மலையில சாமான் ஏத்த அதுதான் நல்லம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிளேன்டியைக் குடித்து முடித்தேன். கிளாசைக் கீழே வைத்தேன்.

"எழுதுங்க," என்றேன்.

"அக்கே, இது ஒண்ணு."

"எழுத மாட்டீங்களா?"

"பத்து சொன்னேன்."

அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது அதுதான். இரக்கப்பட்டு எழுதவில்லை.

சாமானை மறுபடி சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவின் ஆடு குறுக்கே கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. கயிற்றை விலக்கக் குனிந்தேன். குனிந்தபடியே நின்றுவிட்டேன்.

ஆடு கட்டியிருந்த முளையில் அதே வளையம்.

எனக்கு ஆடு கிடையாது. அதனால் முளையைப் பார்த்ததே இல்லை. அறுபது வருசம் அந்த வழியாகத் தண்ணீர் எடுத்தவள் நான்.

"அக்கா, இந்த மொள ஏது?"

"அது எங்க மாமனார் காலத்துலருந்து கெடக்கு. ஏன், அதுவும் பட்டாளமா?"

குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மண்ணை விரலால் சுரண்டினேன். துருவுக்குள் ஒரு கோடு தெரிந்தமாதிரி இருந்தது. மற்ற இரண்டு இல்லை. அவளுக்கு என் முகத்தைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது.

"ஏய், சாமான்னு சொல்லித் தூக்கிட்டுப் போயிராத. ஆடு கண்டாக்கையா வூட்டுப் போஞ்சிக் கொடியத் தின்னுட்டு வந்து நிக்கும்."

அன்றைக்கு மூன்று லயங்களையும் சுற்றினேன். வாசலில் ஆடு கட்டியிருந்த வீடெல்லாம் போனேன். மரமுளை இருந்த வீட்டில் நிற்கவில்லை. வளையம் வைத்த இரும்பு முளை பத்து வீட்டில் இருந்தது. நான் எடுத்ததோடு பதினொன்று. அப்பாவைப் பார்த்துச் சிரித்த வீடுகள்தான் எல்லாம்.

நானாவுக்குப் போன் பண்ணினேன். சார்ஜன் மாத்தயா போனை வாங்கினார்.

"ஒண்ணையும் புடுங்க வேணாம். அப்படியே இருக்கட்டும். நான் வாறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டோவில் நானாவும் அவரும் வந்தார்கள். கொப்பியும் வந்தது. லயமே வாசலில் நின்றது. சார்ஜன் மாத்தயா ஒவ்வொரு ஆட்டுக்கும் பக்கத்தில் முட்டிபோட்டார். ஓர் ஆடு அவருடைய தொப்பியைக் கடித்தது. பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். அவர் கவனிக்கவில்லை. துடைத்தார், எண்ணெய் போட்டார், பார்த்தார். மழையில் கிடந்த இரும்பு, துரு அடையாளத்தைப் பாதி தின்றிருந்தது.

எழுந்து முழங்காலைத் தட்டினார். "ஒரே சாமான். பத்துக்கு மேல. சரி. ஆனா அக்கே, யுத்தம் முடிஞ்ச பிறகு மிலிட்டரி சாமான் ஏலம் போனது. துரை வாங்கி லயத்துக்குக் குடுத்திருக்கலாம். இது மலையில நிண்டதா? யார் கண்டது?"

"எங்கப்பா கண்டாரு."

"அவர் சொன்னதையும் எழுதலாம். கூட உயிரோட ஒரு ஆள் சொல்லணும்."

வாசலில் நின்றவர்களைக் கேட்டேன். எல்லாருக்கும் மாமனார் காலம், தாத்தா காலம். அதற்குமேல் தெரியாது.

தொங்கல் வீட்டில் மட்டும் நான் முன்பு போகவில்லை. மாமா ஆட்டைக் கொட்டிலுக்குள் கட்டுவார், வெளியே தெரியாது. இப்போது போனேன். வயது எண்பத்து மூன்று, வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் கம்பளிபோட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, உங்க ஆட்டு மொளயப் பாக்கணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். காலையிலருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?"

"ஆடு பழகிருச்சு. புடுங்க வுடமாட்டேன்."

"புடுங்கல. பாக்கத்தான்."

சார்ஜன் மாத்தயா என் பின்னால் நின்றார். மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையால் கொட்டிலைக் காட்டினார்.

அந்த முளை கூரைக்குள்ளேயே இருந்ததால் துருவே ஏறவில்லை. காக்காய்க்கால் நேற்றுப் போட்டதுபோல இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு சின்னக் கோடு, நெட்டுக்கு நேராக. சார்ஜன் மாத்தயா அந்தக் கோட்டில் விரலை வைத்தார்.

"இது இங்கிலீஷ் ஐ எழுத்து. இந்தியாப் பட்டாளத்துச் சாமான்," என்றார்.

நான் இஸ்தோப்புக்குத் திரும்பி வந்து மாமாவின் முன்னால் நின்றேன்.

"மாமா, இது எங்கருந்து வந்துச்சு?"

அவர் கொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாமா."

"கத்தாத. காது கேக்குது." கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்கப்பா புடுங்குனாரு. ஏழாம் நம்பர்ல. நானும் கூடப் போனேன். வரிசையா நின்னுச்சு, மொளகாக் கன்னு நட்ட மாதிரி. ஆளாளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க."

"வரிசையா நின்னுச்சுன்னா, என்னா கட்டுனதுன்னு கேக்கலயா?"

"எட்டு வயசுப் பையனுக்கு என்னா தெரியும்? மொள கெடச்சிச்சு, வந்துட்டோம்."

"எங்கப்பாவுக்கும் எட்டு வயசுதான் மாமா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தார். வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். 

சார்ஜன் மாத்தயா அழுத்திக் கேட்டார், "ஐயா, நீங்க கண்ணால கண்டதா? வரிசையா?"

"கண்டேன்யா. எழுதிக்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒங்கப்பன் பேரையும் எழுதச் சொல்லு. பட்டாளம்னு இல்ல. பேர."

நானா கொப்பியைத் திறந்தார். பொருள்: கோவேறு கழுதை கட்டும் இரும்பு முளை, பன்னிரண்டு. கிடைத்த இடம்: ஏழாம் நம்பர் மலை. சொன்னவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரைச் சொன்னேன். இனிசலும் கேட்டார். சொன்னேன். கீழே மாமாவின் பெயர். நானா எழுதி முடித்து எனக்குக் காட்டினார். எழுத்துக்கூட்டி ஒரு தடவை வாசித்தேன். பிறகு இன்னொரு தடவை.

மேசைக்கு ஒன்று போதும், மற்றதெல்லாம் ஆடுகளோடு இருக்கட்டும் என்றார் சார்ஜன் மாத்தயா. அடையாளம் நன்றாகத் தெரிந்தது மாமா வீட்டு முளையில்தான். மாமாவே எழுந்துபோய்க் கொட்டிலில் முளையை ஆட்டினார். வரவில்லை. நானும் பிடித்தேன். இரண்டு பேருமாகப் பிடுங்கினோம்.

புறப்படும்போது சார்ஜன் மாத்தயா ஓட்டோவுக்குள் இருந்து தலையை நீட்டினார்.

"அக்கே, மிருகம் சரி. தாடி, தலைப்பாகை இன்னும் எழுதல."

"எத்தன வேணும்?"

"அதுக்கு ஒண்ணு போதும்."

"தேடுறேன்," என்றேன்.

ஓட்டோ போனதும் வீட்டுக்குப் பின்னால் போய்க் கொய்யாக் கிளை ஒன்றை வெட்டிச் சீவினேன். மாமாவின் கொட்டிலில் கல்லால் அடித்து இறக்கி, ஆட்டைக் கட்டினேன். ஆடு கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது. முளை அசையவில்லை.

"நாளைக்கும் ஏழாம் நம்பருக்கா?" என்றார் மாமா.

"ஆமா."

"கானுக்கு மேல் பக்கம் பாரு. கூடாரம் போட்ட மாதிரி அங்கதான் நெலம் மட்டமா இருந்துச்சு."

இரும்பு முள்ளை எடுத்து வாசலில் சாத்தி வைத்துவிட்டுச் சோறாக்கப் போனேன்.