இருளாண்டி அண்ணனின் லாக் புக்

போன வியாழக்கிழமை நான் தவிட்டு வியாபாரியாக இருந்தேன். மொத்தம் இரண்டு நிமிஷம். அதற்குள் தொழில் நொடித்துவிட்டது!

நடந்தது இதுதான். திருச்சியில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணம். காலைப் பந்தி முடிந்த கையோடு மதுரைக்கு பஸ் ஏறிவிட்டேன். அன்று மாலை நாலு மணிக்கு மச்சினன் மகளைப் பெண் பார்க்க கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய மனுஷன் நான்தான். பேச வேண்டியதை எல்லாம் என் மனைவிதான் பேசுவாள் என்றாலும், பக்கத்தில் தலையாட்ட ஒரு ஆள் வேண்டுமே?

பஸ் துவரங்குறிச்சி தாண்டியதும் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி டயரைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். கடைசியில் எங்களைப் பார்த்தார்.

"அடுத்த வண்டி எப்ப வரும்?"

"வரும்போது வரும் சார்."

இரண்டு மணி நேரம் கழித்து வந்தது ஒரு லாரி. கை காட்டினேன், பத்திரிகையில் எழுதுகிறவன் என்று சொல்லிக் கெஞ்சினேன். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். பெயர் இருளாண்டி. கிளீனர் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்ததால் சீட் காலி. ஏறி உட்கார்ந்தேன். பின்னால் முழுக்கத் தவிட்டு மூட்டை.

லாரி கிளம்பவில்லை.

"ஒரு நிமிசம் சார். எழுதிக்கிறேன்" என்று ஒரு நீள நோட்டை எடுத்தார். எங்கே நிறுத்தினார், எத்தனை மணிக்குக் கிளம்பினார், எவ்வளவு நேரம் ஓட்டினார், எவ்வளவு நேரம் தூங்கினார் — எல்லாவற்றையும் டிரைவர் எழுத வேண்டிய லாக் புக். பொதுவாக அதை வாரக் கடைசியில் ஆபீஸ் கிளார்க் ஒரே மூச்சில், ஒரே பேனாவில் எழுதி முடிப்பார் என்று கேள்வி. இவர் ரோட்டோரத்தில் நிறுத்தி, எழுத்துக் கூட்டி எழுதுகிறார்!

கொட்டாம்பட்டி தாண்டி ஒரு ஜீப் நின்றது. கை நீண்டது. லாரி ஓரம் கட்டியது.

வண்டி சோதனை அதிகாரி மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருளாண்டி ஒரு ரெக்ஸின் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆர்.சி. புத்தகம், பெர்மிட், இன்சூரன்ஸ், லைசென்ஸ், தவிட்டு மில்லின் பில். ஒவ்வொரு பேப்பராகப் பார்க்கப் பார்க்க அதிகாரியின் முகம் வாடியது. எதிலும் தேதி தாண்டவில்லை. எதிலும் அடித்தல் திருத்தல் இல்லை. எல்லாம் சரியாக இருக்கும் லாரியை என்ன செய்வது என்று இவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது…

"இம்புட்டு சரியா இருக்கே… எப்படிய்யா?" என்றார், ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவர் போல.

பிறகு அவர் பார்வை என் மேல் விழுந்தது.

"இது யாரு?"

சரக்கு லாரியில் பயணியை ஏற்றுவது குற்றம்; சரக்கின் சொந்தக்காரர் மட்டும் கூட வரலாம். எனக்கு அது தெரியும். நேர்மையைப் பற்றி வாரா வாரம் உங்களுக்குப் பாடம் நடத்துகிற நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

"சரக்கு என்னோடதுதான் சார். தவிட்டு வியாபாரம்" என்றேன்.

"அப்படியா! மூட்டை எத்தனை?"

"நூத்தம்பது…"

"இருநூத்திப் பத்துங்கய்யா" என்றார் இருளாண்டி. காட்டிக் கொடுக்க அல்ல. கணக்குத் தப்பாகப் போய்விடக் கூடாதே என்ற கவலை!

அதிகாரிக்கு உயிர் வந்தது. லாக் புக்கைப் பிரித்து உரக்கப் படித்தார்: "இரண்டு நாற்பது. துவரங்குறிச்சி தாண்டி நிறுத்தம். பஸ் ரிப்பேர். பத்திரிகையில் எழுதும் ஒருவர் ரொம்பக் கெஞ்சியதால் ஏற்றினேன். காசு வாங்கவில்லை."

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. அதற்கும் ஒரு பெர்மிட் வேண்டும் போல.

"உன் லைசென்ஸ்ல பழைய கேஸ் ஒண்ணு ஏறியிருக்கு. ஆக்சிடென்ட்டு, ஆறு மாசம் ஜெயிலு. இப்ப இதையும் எழுதி கோர்ட்டுக்கு அனுப்புனா லைசென்ஸ் என்னாகும் தெரியுமா?"

இருளாண்டி தலை குனிந்து நின்றார். "தெரியும்ங்கய்யா. தப்புத்தான். எழுதிக்கங்க."

ஒரு மனுஷன் பிழைப்பு என்னால் போகப் போகிறது. அதிகாரி இன்னும் ஏதாவது அகப்படுமா என்று நோட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். ஒரு பக்கத்தில் கை நின்றது. எட்டிப் பார்த்தேன்.

"செவ்வாய். பதினொன்று பத்து. கொட்டாம்பட்டி தாண்டி சோதனை. முக்கால் மணி நேரம் நிறுத்தம். ஒரு மூட்டை தவிடு ஜீப்பில் இறக்கப்பட்டது. காரணம்: ஐயா வீட்டில் மாடு வைத்திருக்கிறார். ரசீது கேட்டேன். தரவில்லை."

தினம் நிறுத்துகிற நூறு லாரிகளில் இதை மறந்தே போயிருந்த அதிகாரி, கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"ஏய்யா… இதையெல்லாமா எழுதுவாக?"

"மூட்டை ஒண்ணு குறைஞ்சா ஓனருக்கு நான் பதில் சொல்லணும்ல்லங்கய்யா."

அதிகாரி யோசித்தார். என்னை ஏற்றியதற்குக் கேஸ் எழுதினால் இந்த நோட்டுத்தான் சாட்சி. நோட்டு கோர்ட்டுக்குப் போனால் செவ்வாய்க்கிழமையும் கூடவே போகும். குரல் தேனாகிவிட்டது.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கத்தைக் கிழிங்க. நான் இந்தக் கேஸை மறந்துர்றேன்."

"கிழிச்சிருங்கண்ணே!" என்றேன் நான், அவரைவிட வேகமாக.

இருளாண்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அடிச்சிருக்குங்கய்யா. ஒண்ணைக் கிழிச்சா மத்ததெல்லாம் பொய்யாயிரும். கேஸ் எழுதுறதுன்னா எழுதுங்க. நோட்டுல கை வைக்க வேணாம்."

கை நீட்டி நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். குரல் நடுங்கவில்லை.

அதிகாரி பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். "சரி, இந்தத் தடவை எச்சரிச்சு விடுறேன். போங்க."

"எச்சரிச்சதா எழுதிக்கிறேங்கய்யா."

"எழுதிக்க… பேரு மட்டும் போட்டுறாதய்யா!"

"பேரெல்லாம் எனக்குத் தெரியாதுங்கய்யா. ஜீப் நம்பர்தான் போடுறது."

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

மேலூர் தாண்டினோம். பிறகு மெதுவாகக் கேட்டேன். "ஏண்ணே, அந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சிருந்தா என்ன? லைசென்ஸே போயிருக்குமே?"

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"முன்ன வேற ஒரு கம்பெனி வண்டி ஓட்டுனேன் சார். மூணு நாளா கண்ணு மூடல. அசந்துட்டேன். முன்னால போன மாட்டு வண்டி மேல ஏத்திட்டேன். வண்டிக்காரருக்கு ஒரு காலு போச்சு. தூங்க விடாம ஓட்டச் சொன்னாங்கன்னு கோர்ட்டுல சொன்னேன். கம்பெனியில நோட்டை எடுத்துக் காட்டுனாங்க. அதுல தெனம் எட்டு மணி நேரம் நான் தூங்கியிருக்கேன் சார். கிளார்க் எழுதுனது. படிக்காமக் கையெழுத்துப் போட்டது நானு."

ஒரு கியர் மாற்றினார்.

"அந்த வண்டிக்காரரை இப்பவும் மேலூர்ச் சந்தையில பாப்பேன். மூஞ்சியத் திருப்பிக்குவாரு. நல்லாத் தூங்கி எந்திரிச்சு வந்து இடிச்சவன்னுதானே அவரு நெனைச்சிருப்பாரு? அன்னையிலருந்து என் நோட்டை நானே எழுதுறேன். பேனாவ வேற ஆளு கையில குடுக்குறதில்ல."

நம்மில் எத்தனை பேர் அன்றாடம் யாரோ எழுதியதன் அடியில் கையெழுத்துப் போடுகிறோம்? அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், ரேஷன் கார்டில், வாடகைச் சீட்டில்… எல்லாரும் தூங்கியிருக்கிறோம், காகிதத்தில்! ரிக்கார்டு சரியாக இருந்தால் போதும். அதில் இருப்பது நடந்ததா என்று யார் கேட்கிறார்கள்? கேட்டால் கேட்டவருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கும்.

மாட்டுத்தாவணிப் பக்கம் இறக்கிவிட்டார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "கோச்சுக்காதீக சார், நீங்க தவிட்டு வியாபாரின்னு சொன்னதையும் எழுதணும். வாரேன்" என்று லாரியை நகர்த்தினார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. மாப்பிள்ளை வீட்டார் கேசரி சாப்பிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சட்டையெல்லாம் தவிடாக வாசலில் நின்றேன்.

"எங்க போனீங்க?" என்றாள் மனைவி.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒன்றுவிடாமல் நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

நம்பவில்லை!