சிஞ்ஞோரேக்குத் தோட்டா நிரப்பியவர்

கால்சா என்ற இத்தாலிய நகர்ப் பகுதியில் ஒரு பழைய மாளிகைக்கு ஏசி பூட்டப் போனபோது அவரைக் கண்டேன். மெலிந்த மன்னார்க்காரர். சிஞ்ஞோரே என்று அங்கே மரியாதையாக அழைக்கப்படும் வீட்டுக்கார ஐயாவின் வேட்டைத் துப்பாக்கிக்குத் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தார். வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, வெற்றுத் தோட்டாக் கோதில் கொட்டி, குண்டை அழுத்திப் பொருத்தியதும் ஒவ்வொரு முறையும் சிலுவை போட்டுக்கொண்டார்.

“சிஞ்ஞோரே வேட்டைக்குப் போறாரோ, அண்ணை?” என்று கேட்டேன்.

“அவர் செத்து வருசம் ஒண்டாச்சு, தம்பி. ஆனா நான் நிரப்பி வைக்கிறதெல்லாம் விடியப் பாத்தா வெடிச்ச கோதாக் கிடக்குது.”

“அப்ப நிரப்பாமல் விடுங்கோவன்.”

“ஒருக்கா விட்டுப் பாத்தன். அண்டைக்கு, அவர் முந்தித் தூர தேசத்து வேட்டையில காயப்படுத்தித் தப்பவிட்ட காட்டெருமை படியேறி வந்திட்டுது.”

இறங்கும்போது பார்த்தேன். பளிங்குப் படிகளின் விளிம்புகள் புதிதாக உடைந்திருந்தன. அவருக்கு மனம் குழம்பியிருக்கிறது என்றுதான் மனைவியிடம் சொன்னேன். ஆனாலும், அவர் காய்ச்சலில் படுத்தால் யார் நிரப்புவார்கள் என்ற யோசனை என்னை விடுவதில்லை.