இடது மூலையில் நின்ற புள்ளி

1. ஸ்கேன் அறை

என் மகள் நிவேதாவின் வயிற்றில் கருவியை நகர்த்திக்கொண்டே ஸ்கேன் டாக்டர் கேட்டார்: "ட்ரிங்க்ஸ் பழக்கம் உண்டாம்மா?"

அவளுக்கு வயது பத்தொன்பது, எடை நாற்பத்து நான்கு கிலோ. இன்டர்ன்ஷிப்புக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம் கூடுதலாக வந்திருந்தது. அதனால்தான் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப்போனேன். இல்லை என்று தலையாட்டினாள். திரையில் ஈரல் பனிக்காலத்துக் காலைபோல வெளுத்துக் கிடந்தது. ஃபேட்டி லிவர், அதாவது ஈரலில் கொழுப்பு, கிரேடு டூ.

வெளியே வந்ததும் நானும் அதையே கேட்டேன். "உண்மையைச் சொல்லு நிவி, குடிக்கிறியா?"

அவள் எனக்கு முன்னால் வேகமாக வீட்டுக்கு நடந்தாள். அவள் குளிக்கப் போனபோது அவளுடைய பையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பேக்கரி பஃப்ஸ் வாசனைதான் வந்தது.

இப்படிச் செய்தவள் வைட்ஃபீல்டில் ஒரு மரபணுப் பரிசோதனை லேபில் பதினெட்டு வருடமாக வேலை செய்பவள். அந்த லேபில் ஃபேட்டி லிவர் ரிப்போர்ட்டுகளை எழுதுவதே நான்தான்.

2. கன்ட்ரோல்

மறுநாள் மெட்ரோவில் போகும்போது மழை. கண்ணாடியில் துளிகள் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருந்தன. ஒரு துளி மட்டும் மேலே, இடது ஓரத்தில், நகராமல் நின்றது. எவ்வளவு நேரம் அதையே பார்த்தேனோ, இரண்டு ஸ்டேஷன் போனது தெரியவில்லை. பிறகு மெதுவாக, தண்ணீருக்கு அடியிலிருந்து ஏதோ மேலே வருவதுபோல, லேபில் எப்போதோ பார்த்த ஒரு மெஷின் திரை ஞாபகம் வந்தது.

பி.என்.பி.எல்.ஏ.3 என்று ஒரு ஜீன். அதில் ஒரு எழுத்து மாறியிருந்தால் ஈரலில் கொழுப்பு சேரும் வாய்ப்பு கூடும். பரிசோதனை கிட்டில் இரண்டு டை, அதாவது சாயம், இருக்கும்; எது எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்த்து மெஷின் ஒவ்வொரு சாம்பிளையும் ஒரு புள்ளியாகக் காட்டும். மாற்றம் இல்லாதவர்கள் வலது கீழ் மூலை. அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் நடுவில். இருவரிடமிருந்தும் வந்திருந்தால் இடது மேல் மூலை.

புது கிட் வந்தால் முதலில் எங்களில் யாராவது ஒருவருடைய எச்சிலை ஒப்பிடுவதற்கான 'நார்மல்' கன்ட்ரோலாகப் போட்டு ஓட்டிப் பார்ப்பது எங்கள் லேபின் வழக்கம். மூன்று வருடம் முன்பு இந்த கிட் வந்தபோது ஒல்லியான ஆள் வேண்டும் என்றார்கள். கேன்டீன் சாப்பாட்டில் எங்கள் எல்லோருக்கும் தொப்பை. நான்தான் நிவேதாவின் எச்சிலை டியூப்பில் கொண்டுபோனேன். "நார்மல் ஆளுக்கு சம்பளம் உண்டா?" என்று சிரித்துக்கொண்டேதான் துப்பிக் கொடுத்தாள்.

அவள் புள்ளி இடது மேல் மூலைக்குப் போனது. மூன்று முறை ஓட்டினோம், மூன்று முறையும் அங்கேதான். மானேஜர் மஞ்சுநாத் சார் தன் எச்சிலைப் போட்டார். அது வலது கீழ் மூலைக்குப் போனது. தொப்பையைத் தட்டிக்கொண்டு தன் ஊர்ப் பேச்சு கலந்து சொன்னார்: "சும்னே டைம் வேஸ்ட் மேடம். நான் நார்மல், அந்த ஒல்லிப் பொண்ணு ரிஸ்க்கா? ரெண்டு டையையும் மாத்தி லேபல் ஒட்டிட்டாங்க. கிட்டைத் திருப்பி அனுப்புங்க."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ரிப்போர்ட்டில் 'கன்ட்ரோல் ஃபெயில்' என்று எழுதி, மகளின் டியூப்பை லேப் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டேன். ஒரு மாதம் கழித்து கிட் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. கிட்டில் குறை எதுவும் இல்லை என்றிருந்தார்கள். படித்தேன், ஃபைலில் சேர்த்தேன்.

எங்கள் எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரு பத்தி இருக்கும். இந்த மாற்றம் லத்தீன் அமெரிக்காவில் அதிகம், ஆப்பிரிக்காவில் குறைவு, நம்மவர்களிடம் இரண்டுக்கும் நடுவில், நம்மவர்களில் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் ஃபேட்டி லிவர் வரலாம். அந்தப் பத்தியை எழுதியவளே நான்தான்.

3. இன்னொரு டியூப்

ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு நான்கு நாள் காத்திருந்தோம். அந்த நான்கு நாளும் எனக்கு விழித்திருப்பதும் தூங்குவதும் ஒன்றாக இருந்தது. விலா எலும்பின்மேல் கருவி டொக் டொக்கென்று தட்டியது. தழும்பு இல்லை. ஜீனை மாற்ற முடியாது, ஈரலைத் தேற்றலாம் என்றார் டாக்டர். கூல் டிரிங்க்ஸும் பஃப்ஸும் கூடாது, தினமும் நடக்க வேண்டும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று முறை ஓட்டியதிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பையை முகர்ந்ததையும் சொன்னேன்.

"அப்ப மூணு வருஷம் முன்னாடியே உனக்குத் தெரியும்."

"தெரியலடி. பார்த்தேன், ஆனா தெரியல."

ஆட்டோ பிடித்து வீடு வந்தோம். வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் சொன்னாள்: "மம்மி, ரெண்டுல ஒண்ணு நீ குடுத்ததுதானே? நாளைக்கு உன் எச்சிலையும் போட்டுப் பாரு. குடிக்கிறியான்னு என்னை மட்டும் ஏன் கேக்குற?"

இப்போதெல்லாம் லேபில் புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் புள்ளி நின்றால், கிட் கம்பெனிக்கு ஃபோன் போடும் முன் அந்த எச்சில் யாருடையதோ அவரை நினைத்துப் பாருங்கள். ஆளைப் பார்த்து நார்மல் என்று எழுதாதீர்கள்.

நிவேதா அப்படிச் சொன்ன மறுநாள் காலை லேபில் ஒரு டியூப்பை எடுத்தேன். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேருடைய பெயரை லேபலில் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் பெயரை எழுதினேன். வாய் வறண்டிருந்தது. டியூப்பில் கோடுவரை எச்சில் நிறைய வெகுநேரம் ஆனது.