நன்றி சொல்லி நான் அடைத்த வழி

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஆவணி மாதம், ஓணம் முடிந்த அடுத்த வாரம், குலசேகரத்துக்கு மேலே மலையோரம் இருக்கும் ஒரு எஸ்டேட்டில் நடந்தது. எந்த எஸ்டேட் என்று கேட்காதீர்கள். வெளியே சொன்னதால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

மார்த்தாண்டம் பக்கம் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது அலுப்பாக இருந்ததால் சைக்கிள் வாங்கினேன். முதலில் காலையில் பத்து கிலோமீட்டர், பிறகு ஐம்பது, பிறகு பைத்தியமே பிடித்துவிட்டது. கூடாரம், அடுப்பு, மாற்றுத் துணி எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு நாள் கணக்கில் மலைப்பாதையில் ஓட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன் ஆனேன். ஓட்டுவதோடு இந்தக் கூட்டம் நிற்காது. போன தடத்தை போனில் பதிவு செய்து, எல்லோரும் பார்க்கும்படி ஒரு ஆப்பில் போடும். அதைப் பார்த்து மற்றவர்கள் அதே தடத்தில் போவார்கள். யாருக்கும் தெரியாத பாதையைக் கண்டுபிடித்துப் போடுகிறவன்தான் அங்கே பெரிய ஆள். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

அந்தத் தடவை துணைக்கு வந்தவன் என் பள்ளித் தோழன். துபாயில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். கன்னியாகுமரியில் கடலோரம் தொடங்கி, ஆரல்வாய்மொழி வந்து மலையடிவாரத்தைப் பிடித்து, முடிந்தவரை தார்ரோட்டைத் தொடாமல் மேற்கே போய், நான்காம் நாள் களியக்காவிளையில் இறங்குவது எங்கள் திட்டம். ரிசர்வ் காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகக் கூடாது என்பதால், எஸ்டேட் ஓரமாகப் போகிற பழைய பாதைகளாகப் பார்த்துப் போனோம்.

மூன்றாம் நாள் மதியம். விட்டு விட்டு மழை. இரண்டு கால்களிலும் அட்டை. ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் கிராம்புத் தோட்டம், நடுவில் சரிந்து இறங்குகிற ஒரு காட்டோடை. இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். தோழன் இறங்கித்தான் போனான். நான் ஓட்டியே கடக்கப் பார்த்தேன். முன்சக்கரம் பாறையில் வழுக்கி, சாமான்களோடு சேர்ந்து சைக்கிள் என் மேலே விழுந்தது. முழங்கால் பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. பின்சக்கரத்தில் கியர் மாற்றுகிற பாகம் ஒடிந்து சங்கிலியில் சிக்கிக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை.

தோழனுக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். என்னைப் பிடிக்க வந்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர். வெட்டு முடிந்து, சிரட்டைகளில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து ஒரு சாக்கில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் வயதுதான் இருக்கும்.

"இஞ்ச எங்க சாரே வந்து விழுந்து கெடக்கிய? சைக்கிளு ஓட்டுத எடமா இது?"

சாக்கை இறக்கி வைத்துவிட்டு என் காலை ஓடை நீரில் கழுவினார். தலைத்துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். துண்டில் ரப்பர் பால் நாற்றம் மூக்கைத் துளைத்தது. முகம் சுளித்தேன் போல.

"மணக்கத்தான் செய்யும். வெளங்காத்த காலுக்கு பன்னீரா தெளிச்சித் தர முடியும்?" என்றார். தோழனைப் பார்த்து, "அந்த சாருக்கு எங்க அடி?" என்று கேட்டார்.

"அவனுக்கு ஒண்ணும் இல்லக்கா. அவன் சும்மா கெடக்கான்" என்றேன்.

அவர் வீடு எஸ்டேட்டுக்கு மேலே, எல்லை தாண்டி இருந்தது. அங்கே மொத்தம் எட்டு வீடு. ஓடையிலிருந்து எஸ்டேட்டுக்குள்ளாகவே ஒரு மண்பாதை அங்கே ஏறுகிறது. அதே பாதை கீழ்ப்பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டரில் பஸ் வரும் ரோட்டில் போய் முட்டும். என்னைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகு அரைத்த துவையலும் கட்டன் சாயாவும் தந்தார். கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார். கிராம்பு பறிக்க ஏறி மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். வாரம் இரண்டு நாள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அன்றைக்கும் ஆட்டோ வர வேண்டிய நாள்.

ஆட்டோ வந்தது. என் சைக்கிளைப் பின்னால் கட்டினால் மூன்று பேர்தான் உட்கார முடியும். கணவர் படுத்தபடியே சொன்னார்: "சாரு போட்டும். எனக்கு நாளக்கிப் போனாலும் மதி. ஒடிஞ்சது ஒடிஞ்சாச்சி, இனி ஓடியா போவப் போவுது?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வலி உயிர் போனது, ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு அந்த அக்காவும் ஏறிக்கொண்டார். தோழன் தன் சைக்கிளை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு ஏறினான். எஸ்டேட்டுக்குள் ஆட்டோ போகும்போது நான் போனை எடுத்து வீடியோ எடுத்தேன். இருபுறமும் கிராம்பு மரம், பனிமூட்டம், பார்க்க அப்படி இருந்தது. "இதுவழி போனா யாரும் தடுக்க மாட்டாவளாக்கா?" என்று கேட்டேன். அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒருத்தரும் கேக்க மாட்டாவ சாரே. வாட்ச்மேன் எங்க மாமனாக்கும்."

தோழன் என்னைப் பார்த்து, "ஏலே, மலைய சைக்கிள்ல தாண்டுவேன்னு வந்துட்டு ஆட்டோல போறியே, இதயும் ஆப்புல போடுவியா மக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல். அந்த அக்கா தையல் போட்டு முடியும்வரை வெளியே நின்றுவிட்டுப் பஸ்ஸில் போனார்.

வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருந்த பத்து நாளில் அந்த வீடியோவை ஒழுங்குபடுத்திப் போட்டேன். அந்த அக்காவின் முகம், அவர் பேச்சு, ஓடை, கிராம்புத் தோட்டம் எல்லாம் அதில் இருந்தது. 'மனிதம் இன்னும் சாகவில்லை' என்று தலைப்பு வேறு. கூடவே தடத்தையும் ஆப்பில் போட்டேன். அதற்கு 'ரகசியக் கிராம்புப் பாதை' என்று பெயர் வைத்தேன். நன்றி சொல்வதாகத்தான் நினைத்தேன். பொய் சொல்லக் கூடாது, பெரிய ஆள் ஆகிறோம் என்றும் நினைத்தேன். ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். கண்ணீர் விடுகிற பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். கடைக்கு வந்தவர்கள்கூட, "வீடியோ பாத்தேன், நல்லாருக்கு" என்றார்கள். டைல்ஸ் விலை கேட்க வந்தவனை உட்கார வைத்து அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் வழித்தகராறு இல்லாத ஊர் கிடையாது. வீடுகள் விளைகளுக்கு, அதாவது தோட்டங்களுக்கு, நடுவில் சிதறிக் கிடக்கின்றன. ஒருவன் வீட்டுக்குப் போக இன்னொருவன் விளை வழியாகத்தான் போக வேண்டும். பத்திரத்தில் இருக்காது, சர்வேயில் இருக்காது. தலைமுறையாகப் போவார்கள், அவ்வளவுதான். யாரும் வாயைத் திறக்காதவரைக்கும் அந்த வழி இருக்கும். ஒருவன் சபையில் வைத்து, 'இது யார் வழி' என்று கேட்டுவிட்டால் மறுநாள் வேலி வந்துவிடும். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழிக்கே கேஸ் நடக்கிறது. இவ்வளவும் தெரிந்த நான், வெளியூர்க்காரன் செய்தால்கூட மன்னிக்கலாம் என்கிற காரியத்தைச் செய்தேன்.

அடுத்த வருடம் அவர் கணவருக்கு மடக்கி வைக்கிற சக்கர நாற்காலி ஒன்று வாங்கிக்கொண்டு காரில் போனேன். பெருமையோடுதான் போனேன். மண்பாதை தொடங்குகிற இடத்தில் ஆளுயர இரும்பு கேட். பூட்டு. மேலே கேமரா. சீருடை போட்ட, மொழி தெரியாத ஒரு காவல்காரன் கார்டைக் கேட்டான். கார்டு இல்லை என்றதும் கையைக் காட்டி, போ என்றான்.

டீக்கடையில் விசாரித்தேன். அந்த எட்டு வீட்டுக்கும் இப்போது மறுபக்கமாகத்தான் போக வேண்டும், ஆறு கிலோமீட்டர், வண்டி போகாது என்றார்கள். காரை ஒரு சர்ச் பக்கம் நிறுத்திவிட்டு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன். பாறையும் படியுமாக இருந்தது. இரண்டு மணி நேரம் ஆனது. வழியெல்லாம், நாற்காலியைப் பார்த்ததும் அவர்கள் முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அவ்வளவு மடையன் நான்.

அந்த அக்கா முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. சிரிக்கவில்லை. நாற்காலியை இறக்கி விரித்து வைத்தேன். அதைப் பார்த்தார், நான் ஏறி வந்த பாதையைப் பார்த்தார்.

"இத எங்க உருட்டுயது சாரே?"

அவரே சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீங்க போட்டதப் பாத்துட்டு மொதல்ல ஒங்கள மாதி சைக்கிளுல வந்தாவ. பரவால்ல, குடிக்க வெள்ளம் கேட்டாவ, குடுத்தோம். பொறவு பைக்குல வந்தானுவ. குடிச்சிட்டு குப்பிய ஒடச்சிப் போட்டானுவ. கிராம்பப் பறிச்சிட்டுப் போனானுவ. ஒருத்தன் என் மூஞ்சிக்கு நேர போனப் புடிச்சி, யாரும் கேக்க மாட்டாவன்னு ஒருக்கா சொல்லுங்கக்கான்னு கேட்டான். அதுக்குப் பொறவுதான் ஆப்பீசுல கூப்பிட்டாவ. நான் பேசுனத எனக்கே போட்டுக் காட்டுனாவ."

அவருக்கு வேலை போனது. வாட்ச்மேனாக இருந்த மாமனுக்கும் வேலை போனது. "மாமன் இப்ப எங்க வீட்டு நடைய மிதிக்க மாட்டாரு. ஒன் வாயிதான் என் சோத்துல மண்ணப் போட்டுன்னுட்டுப் போனாரு. வாய் என்னதுதான. பொய் இல்லியே."

கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, நான் ஏறி வந்த அந்தப் பாறை வழியாக நான்கு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நான்கு பேரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். வாரம் இரண்டு முறை போனது மாதம் ஒரு முறை ஆனது, பிறகு அதுவும் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். முதுகில் புண் வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். அன்றைக்கு எனக்காக ஆட்டோவை விட்டுக்கொடுத்த மனிதர். நான் வந்தது தெரிந்தும் சுவர்ப்பக்கமாகவே இருந்தார்.

"அத அழிச்சிருங்க சாரே. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் அந்த அக்கா.

கீழே சிக்னல் கிடைத்ததும் முதல் வேலையாக வீடியோவையும் தடத்தையும் அழித்தேன். என்ன பிரயோசனம்? அதற்குள் எத்தனையோ பேர் எடுத்துத் தங்கள் பெயரில் போட்டுவிட்டார்கள். சிலரிடம் கெஞ்சினேன், சிலரிடம் சண்டை போட்டேன். ஒருவன், 'பொறாமையா அண்ணா?' என்று பதில் போட்டான்.

மறுநாள் எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் வெளி மாவட்டத்துக்காரர். நான் யார் என்று சொன்னதும் எழுந்து கை கொடுத்தார்.

"நீங்கதானா சார் அது! உங்களுக்கு நாங்கதான் நன்றி சொல்லணும். இப்படி ஒரு வழி ஓடுதுன்னு ஓனருக்கே தெரியாது. டீ சாப்பிடுங்க."

அந்த வழியைத் திறந்துவிடச் சொன்னேன். நோயாளி இருக்கிறார், ஆட்டோ மட்டுமாவது போகட்டும் என்றேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "ஒரு ஆட்டோவுக்குத் திறந்தா நாளைக்கு உங்க ஆளுங்க அம்பது பேர் வருவாங்க சார். உங்க வீடியோ பாத்துட்டு வந்தவங்களத் துரத்தவே எங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு."

அவர் கொண்டுவரச் சொன்ன டீயைக் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்று வரை தெரியவில்லை.

வக்கீலிடமும் கேட்டேன். எங்கள் வழிக் கேசை நடத்துகிறவர்தான். இத்தனை வருடம் எல்லோரும் பார்க்க, உரிமையாகப் புழங்கிய வழி என்று வாதாடிப் பார்த்திருக்கலாம் என்றார். பிறகு வீடியோவை என்னிடமே வாங்கிப் பார்த்தார். "வாட்ச்மேன் மாமன்னு, யாரும் கேக்க மாட்டாவன்னு அந்தப் பொம்பளையே சொல்லுது. கள்ளத்தனமாப் போனாவன்னுதான எதிர்க்கட்சி சொல்லுவான்? இதக் காட்டினா கேஸு நிக்காது" என்றார். அப்படியும் கேஸைப் போடச் சொல்லிப் போட்டிருக்கிறோம். வாய்தா நடக்கிறது. அந்தக் கணவர் கேஸ் முடிவதைப் பார்க்கவில்லை. போன வருடம் கார்த்திகையில் இறந்துவிட்டார். பெட்டியையும் பாறை வழியாகத்தான் இறக்கினார்கள். தோழனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அந்த அக்கா எங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, பிடியுங்கள் என்றும் சொல்லவில்லை.

அந்த வழி இருந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்று சிலர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் தேவையில்லை. அந்த அக்கா யாரென்றே தெரியாத ஒருவனின் காலைக் கழுவிக் கட்டினார். நான் அவர் முகத்தை ஊருக்குக் காட்டிக் கைதட்டு வாங்கினேன். நடந்தது இதுதான், இதற்கு வேறு விளக்கம் கிடையாது.

சைக்கிள் ஓட்டுவதை நான் விடவில்லை, இப்போதும் மலைப்பாதையில் போகிறேன், ஆனால் தெரியாத ஊரில் யாராவது ஓடி வந்து எனக்கு உதவி செய்தால் அவர்களை நினைத்து எனக்குப் பயம் வருகிறது.