தட்டெறியும் இயந்திரமும் அண்ணனின் காதும்

அண்ணனுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருவதை நான் கவனித்தது வீட்டில் அல்ல, வேலையிடத்தில். மலேசியாவில் செமினி ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களின் ஓரத்தில் இருக்கும் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அண்ணன் அங்கே பல வருடங்களாக இருந்தார். நான் அதற்குமுன் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் இயந்திரங்களைப் பராமரிக்கும் டெக்னிஷியன். முதலாளிகள் அந்த இயந்திரங்களையெல்லாம் கப்பலேற்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, வாரக்கடைசியில்தான் வருவார். நான் காஜாங் வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன்தான் போன் செய்தார்.

"சும்மா உக்காந்து என்ன செய்யப்போற? எங்க கிளப்புல மெஷின் பாக்க ஆள் தேடறாங்க. வா லா."

அந்த மெஷின்களை நான் அதுவரை பார்த்ததே இல்லை. துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு முன்னால், தரைக்குள் பாதி இறங்கியபடி ஒரு சிமெண்டு அறை இருக்கும். பங்கர் என்போம். அதற்குள் இயந்திரம். சுடுபவர் "புல்" என்று, ஆங்கிலத்தில் இழு என்ற பொருளில், குரல் கொடுத்ததும் பின்னால் நிற்கிறவர் பொத்தானை அழுத்துவார். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று வானத்தில் சீறிப் போகும். அதைத்தான் சுட வேண்டும். களிமண் தட்டு என்று பெயரே தவிர, அதில் களிமண் கிடையாது. சுண்ணாம்புத் தூளையும் தாரையும் கலந்து செய்வது. பொத்தான் அண்ணனின் வேலை. இயந்திரம் என்னுடையது.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. தட்டைத் தள்ளிவிடும் இரும்புக் கையில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டை தேய்ந்தால் தட்டு கோணலாகப் போகும் அல்லது உள்ளேயே நொறுங்கும். மழைக்காலத்தில் அடுக்கிவைத்த தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்விட்ச் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும். இதையெல்லாம் நான் சீக்கிரமே பழகிக்கொண்டேன். பழக முடியாமல் போனது அந்தக் கை ஒன்றுக்குத்தான். மோட்டார் அதைத் தடித்த ஸ்பிரிங்குக்கு எதிராகப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் கை சுழன்று தட்டை எறிந்துவிட்டு, உடனே தானாகவே மறுபடியும் இழுபட்டு நிற்கும். மோட்டாரை நிறுத்தினாலும் அது தளராது. மோட்டாரை நிறுத்திவிட்டு, பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினால்தான் கை ஓய்ந்து தொங்கும். அதற்குப் பிறகே பக்கத்தில் போகலாம். எங்கள் பழைய இயந்திரங்களில் அந்த மோட்டார் ஸ்விட்ச் பங்கரில் இல்லை, பின்னால் அண்ணன் நிற்கும் இடத்தில் இருந்தது. ஆகவே நான் படியில் நின்று "மாசோக்!" என்று கத்துவேன், உள்ளே போகிறேன் என்று. அண்ணன் இயந்திரக் கையைத் தளரவிட்டு, தன் கையை உயர்த்திக் காட்டுவார். பிறகு நான் இறங்குவேன்.

இப்படி எங்கள் ஏற்பாடு முழுவதும் குரலை நம்பித்தான் இருந்தது.

சுடுபவரின் குரலைக் கேட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதற்காக அண்ணன் காதுமூடியை ஒரு பக்கம் நகர்த்தியே வைத்திருப்பார். வருடக்கணக்காக அந்தக் காதுக்குப் பக்கத்தில் துப்பாக்கிகள் வெடித்தன. நான் சேர்ந்த புதிதில் அவர் சுடுபவரின் முகத்தையே உற்றுப் பார்ப்பது எனக்கு வித்தியாசமாகத் தெரிந்தது. பிறகு புரிந்தது. அவர் குரலைக் கேட்கவில்லை. தாடை அசைவதையும் துப்பாக்கி அசையாமல் நிற்பதையும் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தார். அதில் பெரும்பாலும் தவறவில்லை. சிலர் மட்டும் தட்டு தாமதமாக வருகிறது என்று முனகினார்கள். இயந்திரம் பழசு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் டிவி அலறும். அண்ணி ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்வார். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் நான், "அண்ணே, காதை ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்களேன்" என்றேன். "எனக்கென்ன? நீதான் வாய்க்குள்ளயே பேசற" என்று சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் கிளப் செயலாளர் என்னைக் கூப்பிட்டுப் புது இயந்திரங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற சர்வேயர், பிரிக்பீல்ட்ஸ்காரர், மெதுவாகப் பேசுபவர். இரண்டு கம்பெனிகள் வந்து காட்டிவிட்டுப் போயிருந்தன. ஒன்று, இப்போது இருப்பதைப் போலவே பொத்தானில் ஓடுவது; பாகங்கள் எளிதில் கிடைக்கும். இன்னொன்றில் சுடுபவருக்கு முன்னால் மைக் இருக்கும். அவர் குரல் கொடுத்ததும் இயந்திரம் தானே எறிந்துவிடும். பங்கர் வாசலிலேயே ஒரு சாவி இருந்தது. அதைத் திருப்பினால் கை தளர்ந்துவிடும், சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போகலாம், வெளியே யார் எதை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

"நீ என்னம்மா நினைக்கற?" என்றார் செயலாளர்.

சாவிதான் வேண்டும் என்று என் மனம் சொன்னது. ஆனால் அதோடு மைக்கும் வரும். மைக் வந்துவிட்டால் பொத்தானுக்கு ஆள் எதற்கு? "பக்கத்து லைன்ல சுடற சத்தத்துக்கே மைக் எறிஞ்சிடும்னு சொல்றாங்க அங்கிள். மழைக்கும் தாங்குமான்னு பாக்கணும்" என்றேன். அது பொய்யில்லை. வேறொரு கிளப்பில் அப்படி நடந்ததாக அந்தக் கம்பெனி ஆளே ஒப்புக்கொண்டிருந்தார். "சரி, யோசிச்சுச் சொல்லு" என்று விட்டுவிட்டார். நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை. முந்தின இரவு பெய்த மழையில் எல்லாம் நனைந்து கிடந்தது. இன்னும் யாரும் சுட ஆரம்பிக்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு இயந்திரமாகப் பரிசோதித்து எறிந்துகொண்டிருந்தார். நடுப் பங்கரிலிருந்து தட்டு வரவில்லை. ஒட்டிக்கொண்ட இரண்டு தட்டுகள் குறுக்கே சிக்கியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. படியருகில் போய் "மாசோக்!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கையை உயர்த்தியிருந்தார். இறங்கினேன்.

அப்போதுதான் காரை நிறுத்திவிட்டு வந்த ஓர் உறுப்பினருக்கு அவர் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

நான் இடது கையை நீட்டித் தட்டைத் தொட்டேன். பிறகு என்ன நடந்தது என்று என் உடம்புக்குத்தான் தெரியும். கட்டை முறிவதைப் போன்ற ஒரு சத்தம். சுவரில் முதுகு மோதியது. முன்கை இருக்கக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. நான் அலறினேன். இயந்திரம் தன் கையை மறுபடியும் இழுத்துக்கொண்டு நின்றது. உடனே இன்னொரு முறை சுழன்றது. தட்டு வெளியே வராததால் அண்ணன் மறுபடியும் அழுத்தியிருக்கிறார். நான் சுவரோடு விழுந்துகிடந்ததால் அது என் மேல் படவில்லை.

பங்கரின் முன்பக்கத் திறப்பு வழியாக நொறுங்கிய ஆரஞ்சுத் துண்டுகள் வெளியே சிதறிக் கிடந்தன. வணக்கம் வாங்கிய அந்த உறுப்பினர்தான் என் அலறலைக் கேட்டு ஓடிவந்தார். பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "நான் ஓடறேன். உங்க அண்ணன் அப்பவும் வானத்தைப் பாத்துட்டு நிக்கறாரு." இன்றுவரை என்னை உலுக்குவது அந்த வாக்கியம்தான். முறிந்த எலும்பை நினைத்தால்கூட இப்படி ஆவதில்லை.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்தார்கள். கண் விழித்தபோது என் கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார்; அண்ணன் கட்டிலருகே நாற்காலியில் இருந்தார். சட்டையில் தார்த்தூள் அப்படியே இருந்தது.

"ஏம்மா கூப்பிடாம இறங்கின?" என்றார். "எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டிருந்தால்தானே நான் கூப்பிட்டேன் என்று தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து அண்ணி வந்தார். பிளாஸ்கிலிருந்து மைலோ ஊற்றிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"செயலாளர் வந்து கேப்பாரு. என்ன சொல்லப்போற?"

"என்ன சொல்லணும் அண்ணி?"

"கூப்பிட மறந்துட்டேன்னு சொன்னா உனக்கு ஒண்ணும் ஆகாது. நீ படிச்சவ, வேற எங்கயும் வேலை கிடைக்கும். அவருக்கு அந்த இடத்த விட்டா என்ன இருக்கு சொல்லு."

"அவருக்குக் கேக்கலன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அண்ணி பிளாஸ்கை இறுக மூடினார். அழ ஆரம்பித்தார். நானும் அழுதேன். அண்ணி கேட்டபடி செய்துவிடலாம் என்றே அன்று மாலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் இடத்துக்கு வரப்போகிற ஆள் யார் என்ற எண்ணம்தான் என்னைத் தடுத்தது. அந்த ஆளும் படியில் நின்று கத்துவார். அண்ணன் கையை உயர்த்துவார், யாருக்கோ.

அண்ணன் மாலையில் வந்தபோது நானே ஆரம்பித்தேன். சத்தமாக, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"நான் கூப்பிட்டேன் அண்ணே. உங்களுக்குக் கேக்கல."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனின் முகம் கறுத்தது.

"நீயுமா இப்படிச் சொல்ற?"

"நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

அவர் எழுந்து, கொண்டுவந்திருந்த ஆரஞ்சுப் பழப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

செயலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். மைக் வைத்த, சாவி உள்ள இயந்திரத்தையே வாங்கச் சொன்னேன். மைக்குகளை ஒன்றுக்கொன்று தள்ளிவைத்து, வேறு சத்தத்துக்கு எறியாதபடி அவற்றின் கேட்கும் திறனைக் குறைத்துவைக்கலாம் என்றும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அண்ணனுக்கு ஸ்டோர்ல ஏதாவது பாக்கறேன்மா" என்றார். அதைச் சொல்ல அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதற்குள் அண்ணன் ஸ்விட்ச் பெட்டியின் சாவியை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டார்.

பல மாதங்கள் அவர் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு அண்ணி மட்டும் முறுக்கு டப்பாவோடு வந்தார். பிறகு ஒருநாள் அண்ணியே போன் செய்தார். வாசலில் லோரி ஹாரன் அடித்தும் அண்ணன் திரும்பவில்லையாம். டிரைவர் இறங்கி வந்து திட்டியிருக்கிறார். "பிரிக்பீல்ட்ஸ்ல காது பாக்கற இடத்துக்கு வர ஒத்துக்கிட்டாரு. நீயும் வா. எனக்குத் தனியா பயமா இருக்கு."

மூவரும் ரயிலில் போனோம். அங்கே ஒரு கண்ணாடி அறைக்குள் அண்ணனை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வெளியே பரிசோதிக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். அவள் எதையோ திருகினாள், இன்னும் திருகினாள். எனக்கே வெளியில் மெல்லியதாக அந்த ஒலி கேட்டது. அண்ணன் முழங்காலில் கை வைத்து, பரீட்சை எழுத வந்த பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விரல் அசையவே இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் கடை வாசல் நடைபாதையான ஐந்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம். தே தாரிக் டீ வந்தது. அண்ணன் அதைத் தொடவில்லை. "ரொம்பவா அடிபட்டுச்சு அன்னிக்கு?" என்று கேட்டார். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. நான் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினேன். பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டார்.

காதில் மாட்டும் கருவி வாங்கினார்கள். கரகரவென்று இரைச்சல் என்று சொல்லிப் பாதி நேரம் கழற்றி வைத்துவிடுகிறார். இப்போது காஜாங்கில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை. நான் இன்னும் கிளப்புக்குப் போகிறேன். புது இயந்திரங்கள் நன்றாகவே ஓடுகின்றன. இடி இடித்தால் மட்டும் மைக்கை அணைக்க வேண்டியிருக்கிறது. எடை தூக்கினால் இடது கை வலிக்கிறது. ஸ்பிரிங் மாற்றும் நாட்களில் கூட ஓர் ஆள் வேண்டும். சாவி பையில் இருந்தாலும் பங்கர் படியில் இறங்கும்போது கால் கொஞ்ச நேரம் தயங்கும்.

போன வாரம் போல்ட் வாங்க அண்ணனின் கடைக்குப் போனேன். எது வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே, என் கையிலிருந்த பழைய போல்ட்டைப் பார்த்து அதே அளவில் எடுத்து வந்தார். காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "இன்னும் அங்கதான் போறியா?" என்றார், கடையே திரும்பிப் பார்க்கும் குரலில்.

"ஆமாண்ணே."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒருவர் வந்து பெயிண்ட் டின் கேட்டார். அண்ணன் அவர் உதட்டைக் கூர்ந்து பார்த்து, தலையாட்டிவிட்டு, உள்ளே போனார். நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவர் வரவில்லை. போல்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.