அஞ்சு நிமிஷக்காரர்

அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிக் குடியிருப்புகளில் ‘அஞ்சு நிமிஷம்’ என்றால்தான் அவரைத் தெரியும். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்று, உள்ளே யாராவது கதவைத் தட்டிக் கதறினால், இவர் வெளியே நின்று சொல்வார்: “பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷம்தான். கதவை மட்டும் நெம்பாதீங்க.”

அது ஒருநாளும் ஐந்து நிமிடமாக இருந்ததில்லை. அரைமணி, முக்கால்மணி, ஒரு தடவை மூன்று மணி. நிஜத்தைச் சொன்னால் உள்ளே இருப்பவர் பதறிப்போய்க் கதவை நெம்புவார். நெம்பினால் பள்ளத்தில் விழுவார். அதனால் கூசாமல் பொய் சொல்வார். வீட்டுக்கு வந்து அதை நடித்தும் காட்டுவார். ஏழு வயது மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவர் வாங்கிய காருக்கு வயது ஏழே மாதம். கதவில் கைப்பிடி கிடையாது, பொத்தான்தான். அதில்தான் மனுஷர் மயங்கினார். நான்காம் மாதம், ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கும் திரையும் அணைந்து மறுபடி வந்தன. ஆறாம் மாதம் கதவு திறக்க மாட்டேன் என்றது. சர்வீஸ் சென்டரில் முன்கதவுகளைப் பிரித்தார்கள். மின்சாரம் போனால் உள்ளிருந்து இழுத்துத் திறக்கிற கம்பி அவற்றில் மட்டும்தான் உண்டு. அதையும் கழற்றி வைத்துக்கொண்டார்கள்.

“பார்ட் ஆர்டர் போட்டாச்சு சார். எல்லாத்தையும் சேர்த்து மாட்டிடலாம். ஒரு வாரம்தான். அதுவரைக்கும் தாராளமா ஓட்டுங்க.”

ஒரு வாரம் ஐந்து வாரமாயிற்று. ஒவ்வொரு போனுக்கும் “இந்த வாரம் கண்டிப்பா” என்றார்கள். பொய்யே பிழைப்பாக இருந்தவர், அடுத்தவர் பொய்க்கு இப்படியா தலையாட்டுவது? ஆட்டினார்.

அன்று உச்சிவெயில். மகளுக்கு இருமல். ஏசியை ஓடவிட்டு அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு மருந்துக்கடைக்குள் போனார். திரும்பி வந்தால் ஏசிச் சத்தம் இல்லை. சாவியை அமுக்கினார், கார் மூச்சே விடவில்லை. உள்ளே மகள் முன்னுக்கும் பின்னுக்கும் தாவி, இருக்கிற பொத்தானையெல்லாம் குத்திக்கொண்டிருந்தாள்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார். “கண்ணாடியை உடைச்சிராதீங்க சார், வாரண்டி பிரச்சினையாயிடும். எங்க ஆளு பக்கத்துலதான் இருக்காரு. அஞ்சு நிமிஷம்.”

நின்றார். அதுதான் கொடுமை. நடைபாதை ஓரம் உடைந்த செங்கல் கிடந்தது. இரண்டு தடவை குனிந்தார், இரண்டு தடவையும் கை வரவில்லை. எதையும் நெம்பாதே, உடைக்காதே என்று இருபது வருடமாக ஊருக்குச் சொன்ன வாய், இப்போது கையைப் பிடித்துக்கொண்டது. “பயப்படாதம்மா, அஞ்சு நிமிஷம்தான்” என்றார் மகளிடம். பத்து நிமிடம் கழித்து அதையே மறுபடி சொன்னார்.

மகளின் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இருமி இருமி முகம் சிவந்திருந்தது. அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் வாயை வைத்துக் கேட்டாள்.

“அப்பா, இது நெஜ அஞ்சு நிமிஷமா? லிஃப்ட்ல சொல்ற அஞ்சு நிமிஷமா?”

“பின்னாடி தள்ளிக்கோ, மூஞ்சியை மூடிக்கோ!” என்று கத்திக்கொண்டே செங்கல்லை எடுத்து முன்கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் அடித்தார். மூன்றாவது அடியில் அது நொறுங்கியது. மகளை இழுத்து வெளியே எடுத்தபோது அவர் முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. பயத்தில் அது அவருக்குத் தெரியவே இல்லை.

‘பக்கத்துலதான்’ இருந்த சர்வீஸ் சென்டர் ஆள் ஐம்பது நிமிடம் கழித்து வந்தார். குழந்தையைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார். “ஐயோ, உடைச்சிட்டீங்களா சார்?”

இரண்டு நாள் கழித்து ஆறாவது மாடிக்குக் கீழே லிஃப்ட் நின்றது. உள்ளே ஒரு பெண், தனியாக.

“அண்ணே, எவ்வளவு நேரம் ஆகும்?”

பழக்கதோஷம், ‘அஞ்சு’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

“முக்கால்மணி ஆகும்மா. கதவை நெம்பினா விழுந்துருவீங்க, நெம்பாதீங்க. நான் மேல மோட்டார் ரூமுக்குப் போகணும். நடுவுல வந்து வந்து குரல் கொடுக்கிறேன்.”

நெம்பிவிடுவாளோ என்று கதவில் காதை வைத்துக் கேட்டார்.

“சரிண்ணே,” என்றாள் அவள். “உக்காந்துக்கறேன்.”